கற்பனைப் பெருங்கதையும் திரை இயக்குநரும்: பொன்னியின் செல்வன் முதல் வேள்பாரி வரை

பல்லாயிரம் வாசகர்கள் மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு முறை ‘படமாக’ ஓடிவிட்ட கதையைத் திரைக்குக் கொண்டுவரும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பது தமிழ்த் திரையுலகில் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இக்கேள்விக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு. 1950இல் ‘கல்கி’ இதழில் தொடராக வரத் தொடங்கிய இந்நாவல் முழுமையான திரைப்படமாக வெளிவர 2022, 2023 ஆகிய ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அதே கேள்வி சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ நாவலைச் சுற்றி எழுந்துள்ளது.

இக்கட்டுரை அவ்விரு நாவல்களையும் முன்வைத்து, கற்பனை வளம் மிகுந்த ஒரு நூலுக்குப் பொருத்தமான இயக்குநர் யார் என்பதை ஆராய்கிறது. பெரிய படம் எடுத்த அனுபவமோ நூலின் மீதுள்ள பக்தியோ இதற்குப் போதுமான அளவுகோல் அல்ல. நூலில் வாசகரை மயக்குவது எது என்று கண்டுகொண்டு, அதற்கு ஈடான ஒன்றைத் திரையில் உருவாக்கக்கூடியவரே பொருத்தமான இயக்குநர் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மாயம் இல்லாத மாயக்கதை

‘பொன்னியின் செல்வன்’ வரலாற்று நாவல். அதில் மந்திரக்கோலும் பறக்கும் கம்பளமும் இல்லை. ஆதித்த கரிகாலனின் கொலை வரலாற்றில் நடந்தது. அக்கொலையில் தொடர்புடையவர்களாக இரவிதாசன் முதலியோரைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டு இன்றும் காட்டுமன்னார்கோயிலில் உள்ளது. குந்தவையும் கற்பனைப் பாத்திரம் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகிலுள்ள திருமலைச் சமணத் தலத்தில் ‘குந்தவை ஜினாலயம்’ அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

அப்படியிருக்க, இந்நாவலைக் கற்பனைப் பெருங்கதைகளின் வரிசையில் வைத்துப் பேசுவது ஏன்? வாசிப்பு அனுபவம் அத்தகையது என்பதே காரணம். வானில் வால்நட்சத்திரம் தோன்றுகிறது. நள்ளிரவில் தேவராளன் வெறியாடுகிறான். நிலவறைகளில் சதி நடக்கிறது. இறந்தவளாகக் கருதப்பட்ட பெண் ஆவி போல வந்து நிற்கிறாள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் முதலிய கற்பனை மாந்தர் வரலாற்று மாந்தரைக் காட்டிலும் உயிரோடு உலவுகின்றனர். வரலாற்றில் சில வரிகளே கிடைத்த இடத்தில் கல்கி ஓர் உலகத்தையே எழுப்பினார். மேலைநாட்டில் டோல்கினின் வாசகர்கள் மத்திய பூமியை எப்படித் தம் சொந்த ஊர் போல எண்ணுகிறார்களோ, அப்படியே தமிழ் வாசகர்கள் கடம்பூர் மாளிகையையும் கோடிக்கரைச் சதுப்பு நிலத்தையும் எண்ணுகின்றனர். ஆகவே திரையாக்கத்தில் இரண்டு வகை நூல்களுக்கும் எழும் சிக்கல் ஒன்றே.

அறுபது ஆண்டு முயற்சிகள்

1958இல் எம்.ஜி.ஆர். இந்நாவலின் திரைப்பட உரிமையைப் பெற்றார். அதே ஆண்டில்தான் அவர் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த ‘நாடோடி மன்னன்’ வெளிவந்து பெரும் வெற்றி கண்டது. பொன்னியின் செல்வனுக்குத் திரைக்கதை எழுதும் பணி இளைஞரான மகேந்திரனிடம் ஒப்படைக்கப்பட்டது. எம்.ஜி.ஆருக்கு ஏற்பட்ட விபத்து முதலிய காரணங்களால் முயற்சி கைவிடப்பட்டது.

மகேந்திரன் பின்னாளில் உமாசந்திரனின் நாவலிலிருந்து ‘முள்ளும் மலரும்’ (1978), புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதையிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ (1979) ஆகிய படங்களை இயக்கினார். ஒரு நூலைப் பக்கம் பக்கமாகப் பின்பற்றுவதைவிட அதிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு தனிப்படைப்பை உருவாக்குவது அவர் வழி. பொன்னியின் செல்வனைத் திரைக்கு மாற்ற அமர்ந்த முதல் எழுத்தாளர்களில் ஒருவர் இப்படிப்பட்டவர் என்பது கவனிக்கத்தக்கது.

மணிரத்னம் 1980களின் இறுதியில் கமல்ஹாசனுடன் சேர்ந்து இந்நாவலைப் படமாக்க முயன்றார். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் முயன்றார். இரண்டு முறையும் நிறைவேறவில்லை. இதற்கிடையில் 1999இல் மேஜிக் லாண்டர்ன் நாடகக்குழு இந்நாவலை மேடையேற்றியது. அதற்கு நாடக வடிவம் தந்த குமரவேல், பின்னர் மணிரத்னத்துடன் திரைக்கதையிலும் பங்கேற்றார். வசனம் எழுதியவர் ஜெயமோகன். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. முதல் பாகம் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு ஆகியவற்றுக்காக நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது.

நூல் திரைக்கு வரும்போது எதை இழக்கிறது?

ஐந்து பாகங்கள் கொண்ட நாவலை ஐந்தரை மணி நேரத்தில் சொன்னால் நிகழ்ச்சிகள் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் நிகழ்ச்சிகளைவிட முதன்மையான ஒன்று முதலில் மறைகிறது. அது கதைசொல்லியின் குரல்.

கல்கி கதை சொல்லும்போது வாசகரின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். முதல் அத்தியாயத்தில் வாசகரைத் தம்முடன் பழங்காலத்துக்குப் பயணம் வருமாறு அழைக்கிறார். வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதை அவர் காட்டும்போது, ஏரியின் மதகுகளையும், கரையில் கூடியிருக்கும் குடும்பங்களையும், அவர்கள் கொண்டுவந்த கட்டுச்சோற்றையும் சேர்த்தே காட்டுகிறார். ஆபத்தான இடத்தில் அத்தியாயத்தை முடித்து அடுத்த வாரம்வரை காக்க வைக்கிறார். வீரனைக் கேலி செய்கிறார். அதே வீரனுக்காகக் கவலையும் கொள்கிறார். இக்குரலில் உள்ள நகைச்சுவையும் பரிவுமே இந்நாவலைத் தாத்தா முதல் பேரன்வரை படிக்க வைத்தன.

இரண்டாவதாக மறைவது, மறைத்துச் சொல்லும் வசதி. எழுத்தில் ஒருவரை ‘சிவனடியார்’ என்று குறிப்பிட்டால் போதும்; அவர் யார் என்பதை நூறு பக்கம் கழித்துச் சொல்லலாம். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ இந்த உத்தியின் மீதே நிற்கிறது. 1960இல் டி. யோகானந்த் இயக்கத்தில் அது படமானபோது, நரசிம்ம பல்லவராக நடித்தவர் எஸ்.வி. ரங்காராவ். அவ்வளவு கம்பீரமான உருவத்தையும் குரலையும் எந்தத் தாடிக்குள் மறைப்பது? தாளில் ரகசியமாக இருப்பது திரையில் முகமாகிவிடுகிறது.

மூன்றாவதாக மறைவது வாசகரின் சொந்தப் படம். வகுப்பறையில் இந்நாவலின் ஒரு பகுதியைப் படித்துவிட்டு நந்தினியை வருணிக்கச் சொன்னால், முன்பெல்லாம் நாற்பது மாணவர்கள் நாற்பது நந்தினிகளைச் சொல்வார்கள். சிலர் ஓவியர் மணியம் வரைந்த முகத்தைச் சொல்வார்கள். சிலர் தம் சித்தியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ மனத்தில் வைத்துச் சொல்வார்கள். படம் வந்தபின் எல்லாருக்கும் ஒரே முகம். இது இயக்குநரின் குற்றமன்று. திரை என்னும் ஊடகத்தின் இயல்பு. ஆனால் எத்தனை பேரின் கற்பனைக்குப் பதிலாகத் தன் கற்பனையை வைக்கிறோம் என்ற பொறுப்பு இயக்குநருக்கு உண்டு. இயக்குநர் தேர்வு வெறும் வணிகச் செய்தி அன்று என்று சொல்வது இதனால்தான்.

தவறான மூன்று அளவுகோல்கள்

இயக்குநர் யார் என்ற பேச்சு எழும்போது பொதுவாக மூன்று அளவுகோல்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, பிரம்மாண்டம். ‘பாகுபலி’ (2015, 2017) வெளிவந்தபின், பொன்னியின் செல்வனை ராஜமௌலிதான் எடுக்க வேண்டும் என்று பலர் விரும்பினர். ஆனால் பாகுபலியில் நாயகன் தோளில் சிவலிங்கத்தைத் தூக்கிச் செல்கிறான். பொன்னியின் செல்வனில் நாயகன் தன் கைக்கு வந்த மணிமுடியை இன்னொருவருக்குக் கொடுக்கிறான். முன்னதற்கு உடல் வலிமையின் அழகைக் காட்டத் தெரிந்த இயக்குநர் வேண்டும். பின்னதற்கு ஒரு மனிதன் ‘வேண்டாம்’ என்று சொல்வதன் அழகைக் காட்டத் தெரிந்தவர் வேண்டும். இரண்டும் வேறு வேறு திறமைகள்.

பீட்டர் ஜாக்சன் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களை (2001, 2002, 2003) இயக்கும் முன் பிரம்மாண்டப் படம் எதையும் எடுத்தவர் அல்லர். நியூசிலாந்தில் குறைந்த செலவில் திகில் படங்களை எடுத்துவந்தவர். மூன்றாம் படம் 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அவரிடம் முன்னரே இருந்தது பெரும் பணமன்று; கையால் பொம்மையும் முகமூடியும் செய்து ஒரு பொய்யுலகை மெய்யாக நம்ப வைக்கும் பழக்கம்.

இரண்டாவது அளவுகோல், நூலின் மீதுள்ள விசுவாசம். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் இரண்டு படங்களை (2001, 2002) கிறிஸ் கொலம்பஸ் நூலை ஒட்டியே எடுத்தார். மூன்றாம் படத்தை (2004) இயக்கிய அல்ஃபோன்சோ குவாரோன் நூலின் பல பகுதிகளை விட்டுவிட்டார். ஆயினும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் தனிமையும் அச்சமும் அந்த மூன்றாம் படத்தில்தான் நன்றாகப் பதிந்தன என்று கருதும் திறனாய்வாளர் பலர். முதல் இரு படங்கள் தேவையற்றவை என்பது இதன் பொருளன்று. உலகை அறிமுகப்படுத்த ஒருவரும் அதன் இருட்டுக்குள் அழைத்துச் செல்ல இன்னொருவரும் பொருந்தினர். ஜாக்சனும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை முழுவதும் நீக்கினார். வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டாலும் கதையின் உயிர் போகவில்லை.

மூன்றாவது அளவுகோல், இயக்குநரின் பெயர். ‘டியூன்’ நாவலை 1984இல் டேவிட் லிஞ்ச் இயக்கினார். அவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. பெரிய நாவல் ஒரே படத்துக்குள் திணிக்கப்பட்டது. அப்படத்தை அவரே தம்முடையதாக ஏற்க விரும்பவில்லை. அதே நாவலை டெனி வில்நெவ் 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரண்டு படங்களாகப் பிரித்து எடுத்தபோது கதைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. அவருக்குத் தேவையான கால அளவையும் உரிமையையும் கொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நம்மிடம் இருந்த முன்மாதிரி

சரியான அளவுகோலைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. கே.வி. ரெட்டி இயக்கிய ‘பாதாள பைரவி’ (1951), ‘மாயா பஜார்’ (1957) ஆகிய படங்கள் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தன. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரங்கள் இன்றும் வியக்க வைப்பவை. ஆனால் மாயா பஜார் நினைவில் நிற்பது தந்திரங்களால் மட்டும் அன்று. கடோத்கசன் தன் பெருவடிவில் கல்யாணச் சமையலைத் தனியொருவனாக உண்ணும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே மாயம் இருக்கிறது. அதோடு நம் வீட்டுக் கல்யாணப் பந்தியும் இருக்கிறது. லட்டையும் அப்பளத்தையும் அறிந்த பார்வையாளர் அரக்கனையும் நம்பிவிடுகிறார்.

கற்பனைக் கதையை நம்ப வைப்பது அதில் உள்ள அன்றாட வாழ்க்கையே. கல்கி ஏரிக்கரையில் கட்டுச்சோற்றைக் காட்டியதும் இதற்காகத்தான். ஆகவே ஓர் இயக்குநரை மதிப்பிட, அவர் போர்க்களத்தை எப்படி எடுத்தார் என்பதைவிட, ஒரு குடும்பம் சாப்பிட அமர்வதை எப்படி எடுத்தார் என்று பார்ப்பது நல்லது.

நூலின் மொழி தெரியாத இயக்குநர் அந்நூலை எடுக்க முடியுமா என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாதவர். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’ (1945) படத்தை அவர் இயக்கியபோது வசனம் எழுதியவர் கல்கியே. ‘மந்திரி குமாரி’யும் (1950) டங்கன் பெயரைத் தாங்கிய படம்தான். மொழியை அறிந்த எழுத்தாளரும் காட்சியை அறிந்த இயக்குநரும் ஒருவரையொருவர் நம்பினால் படம் அமையும் என்பதை இவை காட்டுகின்றன.

மணிரத்னம்: பொருந்திய இடங்கள்

மணிரத்னம் பொன்னியின் செல்வனுக்கு முன் பழங்கதைகளை மூன்று விதமாகத் தொட்டிருந்தார். ‘தளபதி’யில் (1991) கர்ணனையும், ‘ராவணன்’ (2010) படத்தில் இராமாயணத்தையும் இக்காலத்துக்கு மாற்றினார். ‘இருவர்’ (1997) படத்தில் நட்பும் அதிகாரமும் மோதுவதைக் காட்டினார். ஆட்சி என்பது அறைக்குள் நடக்கும் பேச்சு, பார்வை, மௌனம் ஆகியவற்றால் தீர்மானிக்கப்படுவது என்பதை அவர் நன்கறிந்தவர்.

பொன்னியின் செல்வனின் மையம் வாரிசுரிமைச் சிக்கல். சுந்தர சோழருக்குப் பின் யார் என்ற கேள்வியே எல்லா நிகழ்ச்சிகளையும் இயக்குகிறது. இவ்விடத்தில் மணிரத்னத்தின் தேர்வு மிகப் பொருத்தமானது. தஞ்சை அரண்மனையில் குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியில் வாள் எதுவும் உருவப்படவில்லை. இருவரும் புன்னகையோடு பேசுகின்றனர். படத்தின் மிகக் கூர்மையான போர் அதுதான்.

ஊமை ராணியும் நந்தினியும் ஒரே சாயல் கொண்டவர்கள் என்ற செய்தியை நாவல் பல அத்தியாயங்களில் சிறிது சிறிதாக அவிழ்க்கிறது. முதல் பாகத்தின் முடிவில் கடலுக்குள் நீந்தும் முதிய பெண்ணின் முகத்தைக் காட்டி, திரைப்படம் அதை ஒரே நொடியில் உணர்த்திவிடுகிறது. முகம் என்பது திரையின் பலவீனம் என்று மேலே கூறினோம். இங்கே அதையே பலமாக மாற்றியிருக்கிறார் இயக்குநர். நூலில் உள்ளதற்கு ஈடான ஒன்றை உருவாக்குவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மணிரத்னம்: பொருந்தாத இடங்கள்

கதைசொல்லியின் குரலுக்கு ஈடாகத் திரைப்படத்தில் எதுவும் அமையவில்லை. கமல்ஹாசனின் குரலில் தொடக்க அறிமுகம் வருகிறது. அது செய்தியைச் சொல்கிறதே தவிர, நம்மோடு பேசவில்லை. நாவல் ஏரிக்கரைத் திருவிழாவோடு தொடங்குகிறது. திரைப்படம் போரோடு தொடங்குகிறது. இரண்டு தொடக்கங்களும் பார்வையாளருக்கு வேறுவேறு வாக்குறுதியைத் தருகின்றன. கல்கி ‘இது நம் நாட்டு மக்களின் கதை’ என்கிறார். திரைப்படம் ‘இது மன்னர்களின் கதை’ என்கிறது.

ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் சேரும் காட்சிகளில் ஜெயராம், கார்த்தி ஆகியோரின் நடிப்பால் நகைச்சுவை ஓரளவு பிழைக்கிறது. ஆனால் கரையில் நின்று சைவரோடு வாதிடும் அந்த வீர வைணவரின் பின்னணி, அக்காலச் சமய வாழ்க்கையின் சிறு சித்திரம். அது சுருங்கும்போது அவர் வெறும் ஒற்றராகி விடுகிறார். மணிமேகலை என்ற பாத்திரம் இல்லை. சுருக்கத்துக்காக அதை ஏற்கலாம்.

ஏற்க முடியாதது முடிவில் செய்யப்பட்ட மாற்றம். நாவலில் செம்பியன் மாதேவியின் உண்மை மகன், தஞ்சையில் பூமாலை கட்டி இறைவனுக்குச் சாத்தும் சேந்தன் அமுதன். அருள்மொழிவர்மன் மணிமுடியை அவனுக்கே சூட்டுகிறான். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று கல்கி பெயரிட்டது இதற்காகவே. திரைப்படத்தில் இந்தப் பிறப்பு ரகசியம் நீக்கப்பட்டு, முடியை விரும்பிச் சதியில் இறங்கிய மதுராந்தகனுக்கே முடி கிடைக்கிறது. இது வரலாற்றுக்கு இசைவாகத் தோன்றலாம். உத்தம சோழன் கண்டராதித்தரின் மகனே. ஆனால் கதைக்குள் பொருள் மாறிவிடுகிறது. கேட்டவனுக்குக் கொடுப்பது அரசியல் சமரசம். கேட்கத் தெரியாதவனைத் தேடிப்போய்க் கொடுப்பதுதான் தியாகம். கோயில் வாசலில் பூக்கட்டும் ஒருவர் அரியணை ஏறும் அந்தக் கற்பனை, கோயில் நகரங்களில் வாழும் எளிய வாசகர்களுக்குக் கல்கி கொடுத்த பெரும் பரிசு. அதன் அருமை இயக்குநருக்குப் படவில்லை.

ஆகவே, மணிரத்னம் சரியான தேர்வா? அரண்மனைக்குச் சரியான தேர்வு. ஏரிக்கரைக்கு அன்று என்பதே நேர்மையான விடை. ஆனாலும் அறுபது ஆண்டுகளில் பிறர் தொடங்கி நிறுத்தியதை முடித்துக் காட்டியவர் அவர். தம்முடைய குறைகள் எங்கே இருக்கின்றன என்று நாம் விவாதிக்கக்கூடிய ஒரு படைப்பைத் தந்திருக்கிறார். எடுக்கப்படாத படத்துக்குக் குறையே இல்லை, பயனும் இல்லை.

வேள்பாரி: இன்னும் விடை கிடைக்காத கேள்வி

சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்தார். வேள்பாரிக்கு அவருடைய மகன் மணியம் செல்வன் வரைந்தார். இந்நாவலின் திரைப்பட உரிமை தம்மிடம் இருப்பதை இயக்குநர் ஷங்கர் 2024இல் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

இந்நாவல் பொன்னியின் செல்வனைக் காட்டிலும் கற்பனைக் கதைக்கு நெருக்கமானது. பறம்பு மலையின் ஒவ்வொரு செடிக்கும் விலங்குக்கும் ஓர் ஆற்றல் உண்டு. எப்போதும் வடக்கு நோக்கி அமரும் சிறு விலங்கு ஒன்றுக்காகப் பேரரசுகள் சூழ்ச்சி செய்கின்றன. மூவேந்தரும் ஒரு மலைத்தலைவனை எதிர்க்கின்றனர். இதைப் படித்தவுடன் பெரும் போர்களும் கணினி வரைகலையும் நினைவுக்கு வருவது இயல்பு. ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) ஆகிய படங்களை எடுத்த ஷங்கருக்குத் தொழில்நுட்பத்தில் உள்ள தேர்ச்சியை யாரும் மறுக்க முடியாது. சிக்கலான செய்தியைக் கடைக்கோடிப் பார்வையாளருக்கும் புரியும்படி சொல்வதும் அவருடைய வலிமை.

ஆனால் நாவல் போரோடு தொடங்கவில்லை. கபிலர் நீலன் என்னும் இளைஞனுடன் மலையேறுவதோடு தொடங்குகிறது. மூச்சு வாங்க ஏறும் புலவருக்கு அந்த இளைஞன் காட்டைச் சொல்லிக்கொடுக்கிறான். கற்றவர் மாணவராகிறார், எழுத்தறியாதவன் ஆசிரியனாகிறான். இந்நாவலின் வியப்பு எல்லாம் கபிலரின் கண் வழியாகவே நமக்கு வருகிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கண் அது. ஷங்கரின் படங்களில் வியப்பு பெரும்பாலும் அளவிலிருந்து பிறக்கிறது: ஒன்று நூறாகும், நூறு ஆயிரமாகும். வேள்பாரியில் வியப்பு உற்றுப் பார்ப்பதிலிருந்து பிறக்கிறது. முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தவனின் கதையில், தேரைப் பெரிதாகக் காட்டுவது எளிது. அந்தக் கொடியைப் பெரிதாக உணர்த்துவதே கடினம்.

இதே ஆசிரியரின் ‘காவல் கோட்டம்’ நாவலின் ஒரு பகுதியை வைத்து வசந்தபாலன் ‘அரவான்’ (2012) படத்தை எடுத்தார். பெரிய நாவலில் ஒரு கிளைக்கதையை மட்டும் எடுத்துக்கொள்வதும் ஒரு வழி என்பதை அது காட்டியது. வேள்பாரியை எடுப்பவருக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது. எந்த வழியில் போனாலும், கபிலர் படத்தில் வெறும் துணைப் பாத்திரமாகச் சுருங்காமல் இருந்தால் நாவல் பிழைக்கும்.

மாணவர்களுக்குச் சில கேள்விகள்

ஒரு நூல் படமாகிறது என்ற செய்தியைக் கேட்டவுடன் ‘யார் நாயகன்?’ என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

இந்நூலை நான் விரும்பியது நிகழ்ச்சிகளுக்காகவா, அவை சொல்லப்பட்ட விதத்துக்காகவா? அந்த விதத்துக்கு ஈடாகத் திரையில் எது அமைய முடியும்? இந்த இயக்குநரின் முந்தைய படங்களில் அதற்கான அடையாளம் எங்கே இருக்கிறது? நூலின் பொருளைச் சிதைக்காமல் எதையெல்லாம் நீக்கலாம்? எதை நீக்கினால் கதை வேறொன்றாகிவிடும்? இவற்றுக்கு விடை தேடுபவர் நூலையும் நன்கு படித்தவராவார். படத்தையும் நன்கு பார்த்தவராவார்.

படம் பார்த்துவிட்டோம், இனி நூல் எதற்கு என்று எண்ணுவோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. பொன்னியின் செல்வனை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். திரைப்படம் சேந்தன் அமுதனுக்குக் கொடுக்காத மணிமுடி அங்கே இன்னும் அவனுக்காக இருக்கிறது.

இரண்டு நூல்களும் சந்திக்கும் ஊர்

திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் தென்பெண்ணைக் கரையில் உள்ளது திருக்கோவிலூர். பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலனின் பாட்டனாராக வரும் மலையமானின் ஊர் அது. பாரி இறந்தபின் அவருடைய மகளிரைக் கபிலர் அழைத்து வந்து சேர்த்த இடமும் அதுவே என்பது மரபு. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்றே மக்கள் அழைக்கின்றனர். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, அம்மன்னனின் தாய் மலையமான் குலத்தவர் என்பதையும் கபிலரின் முடிவையும் சேர்த்தே கூறுகிறது.

ஆற்றில் நீர் குறைந்த நாளில் அந்தப் பாறையைப் பார்ப்பவர்க்கு அது மிகச் சிறியதாகவே தோன்றும். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்ட இன்று எந்தக் கணினியாலும் முடியும். அது இருக்கும் அளவிலேயே வைத்து, நண்பனை இழந்த ஒரு புலவரின் துயரத்தை அதில் காணச் செய்யும் இயக்குநர் எவரோ, அவரிடம் வேள்பாரியை நம்பிக் கொடுக்கலாம்.